வட்டாரத்தில் நிற்க நினைக்கும் கடை முதலாளிக்கு

கேள்வி: பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரம் கட்டடப் பொருள் கடை நடத்துகிறேன். சீமெந்து, கம்பி, கூரைத்தகடு, மணல், கிரவல் எல்லாம் உண்டு. இரண்டு டிப்பர் ஓடுகிறது. எங்கள் வட்டாரத்தில் 2018 இலும் 2025 இலும் பிரதேச சபைக்கு வென்றவர் ஒரே ஆள்தான். பெரிய கட்சி, ஊரில் எல்லா வீட்டையும் தெரிந்தவர். வட்டாரத்தில் 1,840 வாக்காளர். போன முறை செல்லுபடியான வாக்கு 1,130; அவருக்கு 412, அடுத்தவருக்கு 301. அடுத்த முறை நான் சுயேச்சையாக நிற்க யோசிக்கிறேன். அரசியலில் முன்பின் அனுபவமில்லை. 25 இலட்சம் ஒதுக்கியிருக்கிறேன். கனடாவிலுள்ள ஊர்ச்சங்கமும் உதவுவதாகச் சொல்கிறது. அவரை வெல்ல முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வெல்லலாம். 1,130 இல் 412 என்பது 36 வீதந்தான். மிச்சம் 718 பேர் அவருக்குப் போடவில்லை. ஆனால் தனியாளாகச் சுயேச்சையில் இறங்க வழியில்லை. முதலில் அதைப் பார்ப்போம்.

2018 முதல் நடைமுறையிலுள்ள கலப்பு முறையில் சபையின் 60 வீத உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதத்தினர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். சுயேச்சைக் குழு என்றால் அந்தச் சபையின் எல்லா வட்டாரத்துக்கும் ஆள் போட்டு, விகிதாசார ஆசனங்களுக்கான மேலதிகப் பட்டியலையும் நிரப்பிக் கொடுக்கவேண்டும். 12 வட்டாரமும் 8 மேலதிக ஆசனமும் உள்ள சபை என்று வைத்துக்கொண்டால், உங்களோடு சேர்த்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் கையொப்பம் வைக்கவேண்டும். வட்டாரப் பட்டியலில் 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் பாதியும் பெண்களாக இருக்கவேண்டும். 2023 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கால்வாசிப் பேர் 18 முதல் 35 வயதுக்குட்பட்டவர்கள். 2025 தேர்தலில் சுயேச்சைக் குழுவுக்கு வேட்பாளர் ஒருவருக்கு 5,000 ரூபா கட்டுப்பணம், கட்சிக்கு 1,500. பட்டியலை நிரப்பவே ஓர் இலட்சம் தாண்டிவிடும்.

காசு சின்ன விஷயம். உங்கள் வட்டாரத்தில் 400 வாக்கு எடுப்பதைவிட, மற்றப் பதினொரு வட்டாரத்திலும் ஊரில் மதிப்புள்ள ஒருவரைச் சம்மதிக்க வைப்பது கஷ்டமான வேலை. பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்து, கடைசி வாரத்தில் மச்சான், சாரதி, கடைப் பெடியன் என்று கிடைத்த பெயரை எல்லாம் எழுதி ஒப்பேற்றுகிறார்கள். அது இரண்டு வகையில் அடிக்கும். முதலாவது, சபை முழுவதும் உங்கள் குழு எடுத்த வாக்குகளைக் கூட்டித்தான் பட்டியல் ஆசனம் பங்கிடப்படும். சபை முழுவதிலும் 12,000 செல்லுபடியான வாக்கு, 20 ஆசனம் என்றால் ஓர் ஆசனத்துக்கு 600 வாக்கு. பதினொரு வட்டாரத்தில் ஆளுக்கு 80 வந்தாலே 880. உங்கள் 430 ஐயும் சேர்த்தால் இரண்டு ஆசனம் கைக்கெட்டும் தூரம். ஒப்புக்குப் போட்ட ஆட்கள் என்றால் ஆளுக்கு 15 கூட வராது. நீங்கள் வென்றாலும் சபையில் தனி மரம். இரண்டாவது, அந்தப் பட்டியலில் ஒருவருடைய பேர் கெட்டிருந்தால் உங்கள் வட்டாரத்திலும் அதுதான் பேச்சாக இருக்கும்.

கட்சி வழியையும் தள்ளிவிடாதீர்கள். பெரிய கட்சி உங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே வென்றவரை மாற்றாது. ஆனால் 301 எடுத்த கட்சிக்கு இப்போது ஆள் தேவை. சின்னம் தெரிந்தது, பட்டியல் நிரப்பும் தலையிடி அவர்களுடையது. விலை என்னவென்றால், கட்சி உறுப்புரிமை போனால் ஆசனமும் போகும். தவிசாளர் தெரிவிலும் வரவு செலவுத் திட்டத்திலும் கட்சி சொல்கிற பக்கம் கை உயர்த்தவேண்டும். ‘வட்டாரத்தில் தோற்றாலும் போனஸில் போடுவம்’ என்று சொல்வார்கள்; போனஸ் என்பது பட்டியல் ஆசனம். அதை நம்பிக் கையொப்பம் வைக்கவேண்டாம். சபையில் 25 வீதம் பெண்கள் இருக்கவேண்டும் என்பதால், வட்டாரத்தில் ஆண்களே வென்ற கட்சிகள் போனஸ் ஆசனத்தைப் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் கொடுக்கவேண்டி வரும். அது சரியான ஏற்பாடும்கூட.

என் கருத்து: ஆறு மாதத்துக்குள் குறைந்தது எட்டு வட்டாரத்துக்கு நல்ல பெயர்கள் உறுதியானால் சுயேச்சை. இல்லாவிட்டால் கட்சியோடு பேசுங்கள்.

இனி உங்கள் தொழில். கடைக்காரருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பொறி உண்டு. உள்ளூராட்சிச் சபையோடு ஒப்பந்தம் வைத்திருப்பவர், நேரடியாகவோ வேறொருவர் பெயரிலோ, அந்தச் சபைக்கு உறுப்பினராவதற்குத் தகுதியிழக்கிறார். பிரதேச சபைக்குக் கிரவல் ஏற்றியது, வடிகான் வேலைக்குச் சீமெந்து கொடுத்தது, டிப்பரை வாடகைக்கு விட்டது, தம்பியின் பெயரில் எடுத்த ரெண்டர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தேர்தல் சட்டம் தெரிந்த சட்டத்தரணியிடம் காட்டுங்கள். முடிக்கவேண்டியவற்றை வேட்புமனுவுக்கு நெடுநாள் முன்பே எழுத்தில் முடித்து, இறுதிக் கொடுப்பனவுப் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள். வென்ற பிறகும் அந்தச் சபைக்கு ஒரு பை சீமெந்துகூட விற்க முடியாது. நாலு வருட வியாபார இழப்பு அது. கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மணலும் கிரவலும் இன்னொரு பக்கம். வன்னியில் குளத்துக்குள்ளும் ஆற்றோரத்திலும் அள்ளுகிற மணல் ஊரின் கோபத்துக்குரிய விஷயம். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நீங்கள் அள்ளவில்லை, வாங்கி விற்கிறீர்கள் என்றாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். எதிராளி மேடையில் எதுவும் சொல்லத் தேவையில்லை. உங்கள் டிப்பர் குளக்கட்டில் நிற்கும் ஒரு படம் போதும். தெளிவில்லாத இடத்திலிருந்து வாங்குவதை நிறுத்துங்கள்.

2023 ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி வேட்பாளர் சொத்துப் பொறுப்புப் பிரகடனம் கொடுக்கவேண்டும். மனைவியின் பெயரிலுள்ள காணி, லீசிங்கில் நிற்கும் வாகனம், வங்கிக் கடன் எல்லாம் அதற்குள் வரும். அதிலுள்ள தொகையும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு நீங்கள் காட்டும் வருமானமும் ஒன்றையொன்று பொய்யாக்கக் கூடாது. கணக்காளரோடு இந்த வேலையை இப்போதே தொடங்கினால் இரண்டு வரி ஆண்டுக்குள் சீர்செய்யலாம். வேட்புமனு வாரத்தில் முடியாது.

அடுத்தது கடன் கொப்பி. உங்கள் வட்டாரத்தில் எத்தனை வீடு கடையில் கடன் வைத்திருக்கிறது? தேர்தல் நெருங்கும்போது கடனைத் தள்ளினால் இலஞ்சம் என்று மனுப் போடலாம். நெருக்கிக் கேட்டால் அந்த வீட்டின் நாலு வாக்கும் போகும். வீடு வீடாகப் போகிறபோது படலையில் உங்களைக் கண்டதும் கடன்காரர் உள்ளே போய்விடுவதும் நடக்கும். ஆகவே ஒரு வருடத்துக்கு முன்பே கொப்பியை வேறொருவரிடம் கொடுங்கள். கொடுக்கல் வாங்கல் வழக்கம்போல நடக்கட்டும். வாக்குக் கேட்கப் போகிற இடத்தில் கடனைப் பற்றி நீங்கள் வாய் திறக்கவே கூடாது. அவர்கள் திறந்தாலும் ‘அது கடைக் கதை, கடையில பாப்பம்’ என்று விட்டுவிடுங்கள்.

கோயில் திருவிழாவுக்குச் சீமெந்து, விளையாட்டுக் கழகத்துக்கு ஜேர்சி கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதே அளவில் தொடரலாம். திடீரென்று கூட்டவேண்டாம். ஊர் அதை உடனே கண்டுபிடிக்கும். தேர்தல் அறிவித்த பின்னர் புதிதாக எதையும் கொடுக்கவேண்டாம்.

25 இலட்சத்தைப் பற்றி: அவ்வளவு செலவழிக்கச் சட்டம் விடாது. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்கீழ் தேர்தல் ஆணைக்குழு ஒவ்வொரு தேர்தலுக்கும் உச்சவரம்பு அறிவிக்கிறது. 2025 இல் அது சபைக்குச் சபை வேறுபட்டு வாக்காளர் ஒருவருக்கு 74 முதல் 160 ரூபா வரை இருந்தது. உங்கள் 1,840 வாக்காளருக்கு ஆகக்கூடிய 160 ஐப் போட்டுப் பெருக்கினாலும் 2,94,400 ரூபா. அடுத்த முறை தொகை மாறலாம். கணக்கு முறை இதுதான். மிச்சத்தைக் கடையில் போடுங்கள்.

முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வரவு செலவு அறிக்கை கொடுக்கவேண்டும். தோற்றவர்களும் கொடுக்கவேண்டும். ‘தோத்தாச்சு, இனி என்ன’ என்று விடுகிறவர்கள்தான் பிறகு நீதிமன்றத்துக்கு அலைகிறார்கள். உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் தன் அறிக்கையைத் தானே கொடுக்கவேண்டும் என்பதால், முதல் நாளிலிருந்தே ஆளுக்கொரு கொப்பியும் ஒரு கடித உறையும் கொடுங்கள். துண்டுப்பிரசுரம், ஒலிபெருக்கி வாடகை, எரிபொருள், கூட்டத்துக்குக் கொடுத்த தேநீர் என்று எல்லாப் பற்றுச்சீட்டும் அதற்குள் போகட்டும். சொந்த டிப்பரில் கதிரை ஏற்றினாலும் பெறுமதி எழுதுங்கள். வியாபாரிக்குக் கைவந்த வேலை இது. மற்றவர்களைவிட நீங்கள் இதில் ஒழுங்காக இருக்க முடியும்.

கனடாக் காசு விஷயத்தில் மிகக் கவனம். பெயர் தெரியாதவர்களின் நன்கொடையையும் வெளிநாட்டில் பதிவுசெய்த அமைப்புகளின் பணத்தையும் அந்தத் தேர்தல் செலவினச் சட்டம் தடுக்கிறது. ஊர்ச்சங்கத்தின் பெயரில் ஒரு சதமும் எடுக்கவேண்டாம். அவர்கள் பாடசாலைக்கோ முன்பள்ளிக்கோ தங்கள் பெயரில் செய்கிற உதவியை உங்கள் தேர்தலோடு முடிச்சுப் போடவும் விடாதீர்கள். வங்கி வழி அல்லாமல் உண்டியலில் வந்த காசை எந்தக் கொப்பியிலும் எழுத முடியாது.

காலத்தையும் பாருங்கள். இப்போதைய சபைகள் 2025 யூனில் தொடங்கின. நாலு வருடம் என்றால் 2029 நடுப்பகுதி. ஆனால் போன தடவை சபைகளின் காலத்தை ஒரு வருடம் நீட்டினார்கள்; 2023 மார்ச் 9 க்கு என்று வேட்புமனுவும் வாங்கிய தேர்தல் நடக்கவே இல்லை. உயர் நீதிமன்றம் 2024 இல் அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்த்தது. அதற்கிடையில் அச்சடித்தவர்களின் துண்டுப்பிரசுரம் கறையான் அரித்துவிட்டது. ஆகவே வாக்கெடுப்புத் திகதி வர்த்தமானியில் வரும்வரை அச்சகத்துக்குப் போகாதீர்கள். அதுவரை செய்யவேண்டிய வேலைக்குக் காசு தேவையில்லை, கால்தான் தேவை.

இனி உங்கள் எதிராளியின் 412. அதில் எவ்வளவு கட்சியுடையது, எவ்வளவு அவருடையது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். ஆணைக்குழு வெளியிட்ட 2025 வட்டார முடிவுகளை எடுத்து, சுற்றியுள்ள ஐந்தாறு வட்டாரத்தில் அதே கட்சி எடுத்த வீதத்தைக் கணக்கிடுங்கள். அங்கே சராசரி 28 வீதம், உங்களிடத்தில் 36 என்றால் அந்த 8 வீதம், ஏறக்குறைய 90 வாக்கு, அவருடைய சொந்தச் சம்பாத்தியம். அவர் கடிதம் எழுதிக் கொடுத்த வீடு, ஆசுபத்திரிக்கு ஏற்றிப் போன வீடு, சாவீட்டில் முதல் ஆளாக நின்ற வீடு அவை. அந்த 90 பேரிடம் போய் அவரைக் குறைசொன்னால் உங்களுக்குத்தான் பேர் கெடும். மரியாதையாக ஒருமுறை போய்விட்டு வாருங்கள், போதும். மிச்ச 320 சின்னத்துக்கு விழுந்த வாக்கு. அது தேர்தலுக்குத் தேர்தல் நகர்கிறது. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் இரண்டைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. ஆறு மாதத்துக்குள் 2025 மே 6 இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பெரும்பாலான சபைகளில் தமிழரசுக் கட்சி முன்னுக்கு வந்தது. அதே சனந்தான். கொழும்புக்கு ஒரு கணக்கு, ஊருக்கு ஒரு கணக்கு வைத்துப் போட்டிருக்கிறார்கள். கட்சியைத் திட்டி மேடை போடுகிற புதியவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

உங்கள் இலக்கு 430 அல்லது 450. வாக்குப் பலமுனையில் பிரிந்தால் அது வெல்லும். நேருக்கு நேர் இருமுனையானால் 570 வேண்டும். அதனால் 301 எடுத்தவர் மறுபடி நிற்கிறாரா என்பது உங்கள் எதிராளியைவிட முக்கியமான கேள்வி.

பெயர் வாரியாகத் தேடாமல் 450 வராது. தேருநர் இடாப்பைக் கிராம அலுவலர் பிரிவு வாரியாக எடுத்து, ஒரு பெரிய கணக்குக் கொப்பியில் வீட்டுக்கு ஒரு வரி எழுதுங்கள்: வீட்டு இலக்கம், பெயர்கள், ஊரில் இருக்கிறார்களா, யார் மூலம் தெரியும், என்ன பிரச்சினை, கடைசியாகப் போன திகதி. வன்னியில் இடாப்பில் பெயர் இருந்தும் ஆள் இல்லாத வீடு நிறைய. கொழும்பில் வேலை, யாழ்ப்பாணத்தில் படிப்பு, வெளிநாட்டுக்குப் போய் வெட்டப்படாத பெயர். போன முறை வாக்களிக்காத ஏறக்குறைய 700 பேரில் அப்படிப்பட்டவர்களைக் கழியுங்கள். மிஞ்சுகிறவர்கள் உண்மையில் வராமல் விட்டவர்கள். அவர்கள்தான் உங்களுக்குப் புது வாக்கு.

இடாப்பை எடுக்கும்போது உங்கள் பெயரையும் பாருங்கள். கடை ஒரு சபை எல்லையில், வீடும் வாக்கும் வேறு சபை எல்லையில் என்றால் நீங்கள் நிற்க நினைக்கும் சபைக்கே தகுதி இல்லாமல் போகலாம். இடாப்பு வருடாவருடம் திருத்தப்படும். உண்மையில் அங்கே குடியிருந்து, கிராம அலுவலரிடம் பதிந்து, பெயர் வந்ததை உறுதிப்படுத்துங்கள். பட்டியலிலுள்ள மற்ற எல்லோருக்கும் இதே சோதனை வேண்டும்.

1,840 வாக்காளர் என்றால் ஏறக்குறைய 600 வீடு. பின்னேரம் நாலரையிலிருந்து ஏழு வரை, இருந்து கதைத்து வந்தால் ஒரு நாளைக்கு 12 வீடு. ஒரு சுற்றுக்கு 50 நாள். 2025 இல் வேட்புமனு முடிந்ததிலிருந்து வாக்களிப்பு வரை 47 நாள்தான் இருந்தது. ஆக, முதற் சுற்றை வேட்புமனுவுக்கு முன்பே முடித்திருக்கவேண்டும். முதற் சுற்றில் வாக்குக் கேட்கவேண்டாம். என்ன குறை என்று கேட்டு எழுதுங்கள், அவ்வளவுதான். நெல் வெட்டுக் காலத்தில் போகாதீர்கள், ஆள் வயலில். கடற்றொழில் வீடுகளுக்குப் பின்னேரம் சரிவராது. தொழிலுக்குப் போகிறவர்கள் கரையில் நிற்கும் நேரத்தைக் கடற்றொழிலாளர் சங்கத்தில் கேட்டுப் போங்கள். பெண்கள் தலைமை தாங்கும் வீடுகளுக்கு உங்கள் பட்டியலிலுள்ள பெண் வேட்பாளர் முதலில் போகவேண்டும். அவரைப் பெயருக்குப் போட்டிருந்தால் இந்த இடத்தில் கை வெறுமையாக நிற்பீர்கள்.

எழுதி வந்த குறைகளை மூன்றாகப் பிரியுங்கள். தெருவிளக்கு, சபையின் உள்வீதி, வடிகான், குப்பை, சந்தை, மயானம், நூலகம், முன்பள்ளி, பவுசர் தண்ணீர்: இவை பிரதேச சபையின் கையில். பரந்தன் – முல்லைத்தீவு ஏ35, மாங்குளம் – முல்லைத்தீவு ஏ34 போன்ற வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம்; குளமும் வாய்க்காலும் கமநலத்திடமோ நீர்ப்பாசனத்திடமோ; யானை வேலி வனசீவராசிகள் திணைக்களத்திடம். இவற்றில் உறுப்பினர் கடிதம் எழுதலாம், ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் கேட்க வைக்கலாம். மூன்றாவது, வனவளத் திணைக்களம் எல்லைக் கல்லுப் போட்ட காணி, படையினரிடம் இருக்கும் காணி, காணாமல் ஆக்கப்பட்டவர்கள். இதில் ஒரு வட்டார உறுப்பினரால் தீர்வு தர முடியாது. ‘நான் வந்தால் காணி எடுத்துத் தருவன்’ என்று சொல்லாதீர்கள். அந்தச் சனம் அதைப் பலரிடம் கேட்டுவிட்டது. பக்கத்தில் நிற்பேன் என்று மட்டும் சொல்லி, நின்றும் காட்டுங்கள்.

வாக்குறுதி நாலைந்துக்கு மேல் வேண்டாம். எல்லாம் முதலாவது பிரிவிலிருந்து, இடத்தின் பெயரோடு. ‘வீதி அபிவிருத்தி’ என்று அச்சடித்தால் யாரும் வாசிக்கமாட்டார்கள். எந்த ஒழுங்கை, எந்த மதகு, மழைக்கு எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று சொன்னால் அந்த ஒழுங்கைச் சனம் நிமிர்ந்து கேட்கும். கட்டடப் பொருள் விற்கிறவர் என்பதால் ஒரு மதகுக்கு எத்தனை பை சீமெந்து, எத்தனை கியூப் கல் என்று உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லுங்கள். எதிராளியிடம் இல்லாத ஒரே பலம் அதுதான்.

அவரை எதிர்கொள்ளக் கடதாசி போதும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள்: கூட்ட வரவு, அவர் கொண்டுவந்த பிரேரணைகள், உங்கள் வட்டாரத்தில் சபை நிதியில் செய்த வேலைகளும் தொகையும். 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். 2023 மார்ச்சிலிருந்து 2025 யூன் வரை சபையில் உறுப்பினர்களே இல்லை; செயலாளர்தான் நடத்தினார். அந்தக் காலத்துக்கு அவரைக் கேள்வி கேட்டால் மேடையிலேயே மடக்கிவிடுவார். கிடைத்த தகவலில் அவர் செய்த நல்லதும் இருக்கும். அதையும் சொல்லிவிட்டுச் செய்யாததைச் சொன்னால் கேட்கிறவன் நம்புவான்.

உங்களிடம் இரண்டு கேள்வி கட்டாயம் வரும். ‘நீங்கள் யாரின்ர ஆள்? வாக்குப் பிரிக்க இறக்கினவையோ?’ சுயேச்சை என்றாலே வன்னியில் இந்தச் சந்தேகம் உண்டு. உங்கள் கொப்பியைத் திறந்து யார் காசு தந்தார்கள் என்று காட்டக்கூடிய நிலையில் இருப்பதுதான் பதில். ‘2009 இல எங்க இருந்தனீங்கள்?’ உள்ளதை ஒரு வரியில் சொல்லுங்கள். வெளியில் இருந்திருந்தால் வெளியில் என்றே சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் உங்கள் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர் யாராவது அங்கேயே நிற்பார். 2025 வாக்களிப்பு முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்கு 12 நாள் முன்பு வந்தது; அடுத்ததும் அப்படி வரலாம். நினைவிடத்துக்குப் போவதென்றால் வழக்கமாகப் போகிறவராகப் போங்கள். படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள், குழுவில் யாரையும் போடவும் விடாதீர்கள்.

வேட்புமனு வாரம். 2025 இல் கட்டுப்பணம் மார்ச் 19 நண்பகலோடும் வேட்புமனு 20 நண்பகலோடும் முடிந்தது. நிராகரிக்கப்பட்ட பட்டியல்கள் நாடு முழுவதும் ஏராளம். இளையோரின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி முறையாக உறுதிப்படுத்தப்படவில்லை, அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை உறுதியுரையில் (தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்ற உறுதி) கையொப்பம் இல்லை என்பவைதான் பெரும்பாலான காரணம். பல நீதிமன்றம் போயின, சில திரும்ப ஏற்கப்பட்டன, அதற்குள் பிரசாரக் காலம் கரைந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு கோப்பு: அடையாள அட்டைப் பிரதி, இடாப்புப் பக்கப் பிரதி, பதிவாளரிடம் எடுத்த பிறப்புச் சான்றிதழ், உறுதியுரை, சொத்துப் பிரகடனம். கையொப்பங்களைச் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரே நாளில், ஒரே இடத்தில் எடுங்கள். இரண்டு பெண்களையும் இரண்டு இளையோரையும் மேலதிகமாகத் தயாராக வைத்திருங்கள். கடைசி இரவில் யாராவது ஒருவரின் வீட்டுக்கு யாரோ போய்க் கதைத்து, காலையில் அவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். முதல் நாளே கொண்டுபோய்க் கொடுங்கள். கடைசி நாள் பிழை கண்டால் திருத்த நேரமில்லை.

சுயேச்சைக் குழுவுக்கு இலக்கமும் சின்னமும் வேட்புமனு முடிந்த பிறகுதான் தெரியும். வாக்குச்சீட்டில் உங்கள் பெயர் இருக்காது. சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடிதான். வீட்டுச் சின்னத்தையும் சைக்கிள் சின்னத்தையும் பிறந்ததிலிருந்து பார்த்த வாக்காளருக்கு ஒரு புதுச் சின்னத்தை ஆறேழு வாரத்தில் பழக்கவேண்டும். 2024 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 17 ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு ஊசிச் சின்னத்தில் ஓர் ஆசனம் எடுத்தது. தலைமை தாங்கியவர் வைத்தியர், சின்னம் பார்த்தவுடன் அவரை நினைவுபடுத்தியது. ஆணைக்குழுவின் சின்னப் பட்டியலை முன்பே பார்த்து, வயதானவர்கள் ஒரு சொல்லில் சொல்லக்கூடிய பொருளாக மூன்று நான்கைக் குறித்து வையுங்கள். சின்னம் கிடைத்த அடுத்த நாளே இரண்டாம் சுற்றுத் தொடங்கவேண்டும். மூன்று குழுவாகப் பிரிந்தால் 17 நாளில் 600 வீடும் முடியும். துண்டுப்பிரசுரத்தில் உங்கள் முகத்தைவிடச் சின்னம் பெரிதாக இருக்கட்டும். முதன்முறை நிற்கிறவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சுவரில் ஒட்டக்கூடாது, ஊர்வலம் கூடாது, கடைசி 48 மணிநேரம் எந்தப் பிரசாரமும் கூடாது. வாக்களிப்பு நாளில் உங்கள் வாகனத்தில் வாக்காளரை ஏற்றவும் கூடாது. டிப்பர் இரண்டையும் கடைக்குள் பூட்டி வையுங்கள். வாக்களிப்பு நிலையத்துக்கு அனுப்பும் முகவர்கள் உங்கள் கொப்பியை மனப்பாடமாகத் தெரிந்தவர்களாக இருக்கட்டும்; யார் வந்தார், யார் வரவில்லை என்று அவர்களுக்குத்தான் முகம் பார்த்துத் தெரியும்.

கடைசியாக, இப்போதே எழுதவேண்டிய ஒரு தாள். வட்டாரத்தில் நீங்கள் தோற்று, சபை முழுவதும் சேர்த்துக் குழுவுக்கு ஓர் ஆசனம் கிடைத்தால், அதற்கு யார் என்று பெயர் கொடுப்பது குழுத் தலைவர். அதாவது நீங்கள். உங்களைவிடக் கூட வாக்கு எடுத்த ஒருவர் பட்டியலில் இருப்பார். காசு போட்டவர் நீங்களாக இருப்பீர்கள். அந்த இரவில் குழுக்கள் உடைகின்றன. ஆசனம் வீதப்படி கூட வாக்கு எடுத்தவருக்கா, தலைவருக்கா, இரண்டு வருடம் ஒருவர் என்று மாறி மாறியா; தவிசாளர் தெரிவில் எவருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால் நம் வாக்கு யாருக்கு, யார் முடிவெடுப்பது: இவ்வளவையும் ஒரே பக்கத்தில் எழுதி, வேட்புமனுவுக்குக் கையொப்பம் வைக்கும் அதே நாளில் எல்லோரிடமும் வாங்கி, ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுங்கள். அதில் கையொப்பம் வைக்கத் தயங்குகிறவரின் இடத்துக்கு வேறு பெயர் தேடுங்கள்.